நேராகப் பார்த்தால் மறையும் கார்த்திகை மீன்கள்: மகளின் கண்ணில் குறை இருக்குமா?

தொடர்மாடிவாசி (வெள்ளவத்தை)

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் வெள்ளவத்தையில் கடற்கரைக்கு அண்மையிலுள்ள ஒரு தொடர்மாடியில் வசிக்கிறோம். சென்ற வாரம் ஒருநாள் இரவு மின்சாரம் தடைப்பட்டு எங்கள் ஒழுங்கை முழுவதும் இருண்டிருந்தபோது, தரம் 10இல் படிக்கும் என் மகளும் நானும் மேற்றளத்திற்குச் சென்று ஒரு மணி நேரத்துக்கு மேலாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கொழும்பில் இருந்துகொண்டு அவ்வளவு விண்மீன்களைக் கண்டு நெடுங்காலமாகிவிட்டது. கடற்பக்கமாகச் சாய்ந்திருந்த கார்த்திகைக் கூட்டத்தை மகளுக்குக் காட்டி, அதில் ஆறு மீன்கள் உண்டென்று என் அம்மம்மா சொல்லித் தந்ததையும் சொன்னேன்.

அவள் சிறிது நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, “அம்மா, நேராகப் பார்த்தால் மூன்றுதான் நிற்கின்றன. பக்கத்திலிருக்கும் வேறொரு மீனைப் பார்த்தால் ஓரக்கண்ணில் ஐந்தாறு தெரிகின்றன. திரும்பி அவற்றைப் பார்த்தவுடன் மறைந்துவிடுகின்றன” என்றாள். எனக்கோ கார்த்திகை முழுவதுமே ஒரு புகைத்திட்டாகத்தான் தெரிந்தது. ஆகவே அவள் சொல்வதை என் கண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் அவளுடைய கண்களைப் பரிசோதித்தோம். இரு கண்களும் 6/6 என்று சொன்னார்கள். விண்மீன் விடயத்தை நான் விளக்கத் தொடங்கியதும், ஒன்றுமில்லை என்று கூறி அடுத்தவரை அழைத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அவளுடைய விஞ்ஞானப் பாடநூலைப் புரட்டியபோது என் குழப்பம் இன்னும் கூடியது. விழித்திரையில் மிகத் தெளிவான பார்வைக்குரிய இடம் மஞ்சட்பொட்டு என்றும், நாம் ஒன்றை நேராகப் பார்க்கும்போது அதன் விம்பம் அங்கேயே விழுகிறது என்றும் அதில் எழுதியிருக்கிறது. அப்படியானால், மிகத் தெளிவான இடத்தால் பார்க்கும்போது மறைவதும் ஓரத்தால் பார்க்கும்போது தோன்றுவதும் எவ்வாறு? அந்த இடத்தில் அவளுக்கு ஏதேனும் பழுது இருக்குமோ என்று அஞ்சுகிறேன். தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

சோக்குத்தூள் (கொட்டாஞ்சேனை)

அம்மா, முதலில் உங்கள் அச்சத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியவற்றில் குறைக்கான அடையாளம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. நலமான கண்ணுள்ள எவரும் இருளில் பொறுமையாக நின்றால் காணக்கூடியதையே உங்கள் மகள் கண்டிருக்கிறாள். பலர் கண்டும் கவனிக்காமல் விட்டுவிடுகின்றதை அவள் கவனித்து, சரியான சொற்களில் சொல்லியும் இருக்கிறாள். உயர்தர வகுப்புகளுக்குப் பல்லாண்டுகள் உயிரியல் கற்பித்தவன் என்ற முறையில், அப்படியொரு மாணவி என் வகுப்பில் இருந்திருந்தால் அன்றைய பாடத்தை அவளுடைய வாக்கியத்திலிருந்தே தொடங்கியிருப்பேன்.

பாடநூல் சொல்வதும் பிழையன்று. ஆனால் “மிகத் தெளிவான பார்வை” என்னும் சொற்களுக்குள் “போதிய வெளிச்சம் இருக்கும்போது” என்ற நிபந்தனை சொல்லப்படாமல் இருக்கிறது. கண்ணுக்குள் வரும் ஒளியைக் குவிக்கும் வேலையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை விழிவெண்படலமும் எஞ்சியதை வில்லையும் செய்கின்றன. கதிராளி சுருங்கியும் விரிந்தும் கண்மணியின் அளவை மாற்றுகிறது. இவை எல்லாம் மகளுக்குச் சரியாக இருப்பதால்தான் அவளால் 6/6 வரியை வாசிக்க முடிந்தது. உங்கள் கேள்விக்குரிய விடை இவற்றுக்கு அப்பால், விழித்திரையில் இருக்கிறது.

விழித்திரை எங்கும் ஒரே சீராக அமைந்த திரையன்று. ஒளியை உணரும் கலங்கள் அதில் இருவகைப்படும்: ஏறத்தாழ 12 கோடி கோல்கள், ஏறத்தாழ 60 இலட்சம் கூம்புகள். கூம்புகளுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். நிறங்களையும் நுண்ணிய விவரங்களையும் தருபவை அவைதாம். கோல்கள் மிக மங்கிய ஒளியையும் உணரும், ஆனால் நிறத்தைப் பிரித்தறிய அவற்றால் இயலாது. மஞ்சட்பொட்டின் நடுவே ஒரு சிறு குழி உண்டு. அங்கே கூம்புகள் நெருக்கமாக அடுக்கப்பட்டுள்ளன. குழியின் நட்டநடுவில், ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரின் மூன்றிலொரு பங்கு அகலமான பரப்பில், ஒரு கோல் கூட இல்லை. குருதிக் கலன்களும் அந்த இடத்தைத் தவிர்த்தே செல்கின்றன. கூர்மைக்காக அத்தனையும் விட்டுக்கொடுக்கப்பட்ட இடம் அது.

கோல்களற்ற அந்தப் பரப்பு வானத்தில் ஒரு பாகையைவிடச் சற்றே பெரிய வட்டத்தைப் பார்க்கிறது. கார்த்திகையின் வெறுங்கண்ணுக்குத் தெரியும் ஆறு மீன்களும் ஏறத்தாழ ஒரு பாகைக்குள், அதாவது இரண்டு முழுநிலாக்களை அருகருகே வைத்த அகலத்துக்குள், அடங்கிவிடுகின்றன. ஆகவே உங்கள் மகள் கார்த்திகையை நேராக நோக்கிய கணத்தில், கூட்டம் முழுவதும் கோல்களே இல்லாத அந்தக் குழிக்குள் விழுந்துவிட்டது. கூம்புகளைத் தூண்டக்கூடிய அளவுக்கு ஒளியுள்ள மீன்கள் மட்டும் நின்றன, மற்றவை மறைந்தன. அவள் பார்வையைச் சற்று விலக்கியதும் அதே மீன்களின் விம்பம் கோல்கள் நிறைந்த பகுதிக்கு நகர்ந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. எனக்கு இதுவே மிகவும் பிடித்த பகுதி. 12 கோடிக்கு மேற்பட்ட உணர்கலங்கள் இருந்தும், ஒரு கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் பார்வை நரம்பில் ஏறத்தாழ 10 இலட்சம் நார்கள்தாம் உள்ளன. நடுக்குழியில் ஒரு கூம்புக்கு ஒரு வழி என்ற அளவுக்குத் தனித்தனிப் பாதைகள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. ஓரத்திலோ நூற்றுக்கணக்கான கோல்களின் செய்திகள் ஒரே நாரில் வந்து சேர்கின்றன. உங்கள் பகுதியிலுள்ள வெள்ளவத்தைக் கால்வாயை நினைத்துப் பாருங்கள். சிறு தூறல் விழும்போது ஓர் ஒழுங்கையில் ஓடும் நீரைக் கண்டுகொள்ளவே முடியாது. அத்தனை ஒழுங்கைகளின் நீரும் கால்வாயில் சேரும்போது மட்டம் உயர்வது தெரியும். ஆனால் அந்த நீர் எந்த ஒழுங்கையிலிருந்து வந்ததென்று கால்வாயைப் பார்த்துச் சொல்ல இயலாது. கோல்களும் அவ்வாறே மங்கிய ஒளியைச் சேர்த்துக் காட்டுகின்றன, அது வந்த இடத்தின் நுட்பத்தை இழந்துவிடுகின்றன. ஓரப்பார்வையில் மீன் தோன்றினாலும் அதைத் துல்லியமாகச் சுட்ட முடியாததற்கும், பத்திரிகையின் எழுத்தை ஓரக்கண்ணால் வாசிக்க முடியாததற்கும் காரணம் இதுதான்.

இரவு விலங்குகளின் விழித்திரையையும் பகல் விலங்குகளின் விழித்திரையையும் ஒப்பிட்டு, ஒரே கண்ணுக்குள் இரண்டு பார்வைகள் இருக்கின்றன என்ற கருத்தை 1866இல் முன்வைத்தவர் ஜேர்மனியரான மக்ஸ் ஷூல்ற்சே. ஆந்தையின் விழித்திரையில் கோல்களே மிகுதியாக இருப்பதை அவர் கண்டார்.

காலைநடை (தெஹிவளை)

ஆசிரியர் ஐயாவின் விளக்கத்திற்கு நன்றி. ஒரு சந்தேகம். கோல்கள் ஓரத்தில்தான் இருக்கின்றன என்றால், எவ்வளவு தூரம் விலக்கிப் பார்க்கிறோமோ அவ்வளவு நன்றாகத் தெரியும் என்று கொள்ளலாமா? மேலும், விலக்கிப் பார்க்கும்போது அந்த மீன் குருட்டுப்பொட்டில் விழுந்து முற்றாக மறைந்துவிடும் வாய்ப்பும் உண்டல்லவா?

பார்வைமானி (பம்பலப்பிட்டி)

நான் கண்பார்வையை அளந்து மூக்குக்கண்ணாடிக்கு அளவு எழுதும் தொழிலில் இருக்கிறேன். கேள்வி கேட்ட அம்மாவுக்கு முதலில் ஒன்று சொல்ல வேண்டும். உங்களுக்கு உரிய விளக்கம் தராமல் அனுப்பியது சரியன்று. 6/6 என்பது, வழமையான பார்வையுடையவர் 6 மீற்றர் தூரத்திலிருந்து வாசிக்கும் எழுத்தை இவரும் அதே தூரத்திலிருந்து வாசிக்கிறார் என்பதை மட்டுமே குறிக்கும். வெளிச்சமான அறையில், கறுப்பு எழுத்துகளை நேராக நோக்கி வாசிக்கும்போது நாம் அளப்பது நடுக்குழியின் கூம்புகளைத்தான். கோல்களைப் பற்றி அந்த அட்டை எதுவும் சொல்வதில்லை. ஆகவே உங்கள் கேள்விக்கு அந்தப் பரிசோதனை விடையாகாது. உங்கள் மகள் மேற்றளத்தில் செய்ததே கோல்களுக்குப் பொருத்தமான பரிசோதனை, அதில் அவை நன்றாக வேலை செய்வது தெரிகிறது.

கவலைப்பட வேண்டிய நிலை இதற்கு நேர்மாறானது. மாலைக்கண் உள்ள பிள்ளைக்கு ஓரக்கண்ணில் மீன்கள் தெரியமாட்டா. அந்தி மங்கியதும் படியில் தடுமாறுவது, திரையரங்கில் மற்றவர்கள் இருக்கை தேடிச் சென்ற பின்னும் வாசலிலேயே நின்றுவிடுவது, இருண்ட கோயில் மண்டபத்தில் தாயின் கையை விடாமல் நடப்பது போன்றவை அதன் அடையாளங்கள். கோல்களிலுள்ள றொடொப்சின் என்னும் நிறப்பொருளை ஆக்குவதற்கு விற்றமின் ஏ தேவை. விழித்திரையில் அந்த விற்றமினைக் கண்டறிந்த ஜோர்ஜ் வால்ட், 1967ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். முருங்கையிலை, பப்பாசி, கரட், முட்டை மஞ்சட்கரு ஆகியவற்றை இந்தக் காரணத்துக்காகவே பெற்றோருக்கு வலியுறுத்துகிறோம். உணவுக் குறையின்றி, கோல்கள் படிப்படியாக அழியும் பரம்பரை நோய்களாலும் இரவுப்பார்வை குறையலாம். அத்தகைய அடையாளங்கள் இருந்தால் கண் வைத்திய நிபுணரிடம் காட்டுவதில் தாமதிக்கக் கூடாது. உங்களுக்குக் கார்த்திகை புகைத்திட்டாகத் தெரிந்தது பற்றியும் எழுதியிருந்தீர்கள். அது சிறிதளவு குறும்பார்வையாலும் வரலாம், வில்லையில் புரை தொடங்குவதாலும் வரலாம். மகளைக் காட்டிய நீங்கள், உங்கள் கண்களையும் ஒருமுறை காட்டிக்கொள்ளுங்கள்.

தெஹிவளை நண்பரின் கேள்விக்கு வருகிறேன். விலக விலக நன்மை கூடும் என்பது சரியன்று. கோல்கள் நடுவிலிருந்து ஏறத்தாழ 20 பாகை தொலைவில் மிக நெருக்கமாக இருக்கின்றன. அதற்கப்பால் அவற்றின் நெருக்கம் குறையத் தொடங்குகிறது. நடுவை விட்டு விலகும்போது கூர்மையும் குறைந்துகொண்டே போகும். ஆகவே விண்மீன் பார்ப்பவர்களுக்கு 10 முதல் 15 பாகை வரையான விலகல் போதும். கையை முழுமையாக நீட்டி முட்டியைப் பொத்திப் பிடித்தால் அதன் அகலம் ஏறத்தாழ 10 பாகை. கோல்களின் நெருக்கம் விழித்திரையின் மேற்பாதியில் சற்று அதிகம். அங்கே விம்பம் விழ வேண்டுமானால், மீனுக்குச் சற்று மேலே பார்க்க வேண்டும்.

குருட்டுப்பொட்டு பற்றிய உங்கள் எண்ணம் ஒற்றைக் கண்ணுக்குச் சரியானது. பார்வை நரம்பு வெளியேறும் அந்த இடத்தில் உணர்கலங்களே இல்லை. இதை 17ஆம் நூற்றாண்டில் பிரான்சைச் சேர்ந்த எட்மே மரியொற் கண்டறிந்தார். ஒரு தாளில் இடப்பக்கம் ஒரு சிலுவைக் குறியும், அதிலிருந்து 8 சென்ரிமீற்றர் வலப்பக்கமாக ஒரு கரும்புள்ளியும் இடுங்கள். இடக்கண்ணை மூடிக்கொண்டு வலக்கண்ணால் குறியை மட்டும் பார்த்தபடி தாளை மெல்ல அருகே கொண்டுவந்தால், ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் தூரத்தில் புள்ளி மறையும். இரண்டு கண்களும் திறந்திருக்கையில் ஒரு கண் தவறவிடும் இடத்தை மற்றக் கண் பார்த்துவிடுவதால், வானத்தைப் பார்ப்பவர் இதையிட்டுக் கவலைப்பட வேண்டியதில்லை.

இராக்காவல் (மட்டக்குளி)

வணிகக் கப்பல்களில் நீண்ட காலம் பணியாற்றியவன் நான். ஆசிரியர் விளக்கிய விடயத்தை எங்களுக்குப் பயிற்சியின் முதல் மாதத்திலேயே கற்பித்தார்கள். இரவில் தொலைவிலுள்ள மீன்பிடி வள்ளத்தின் விளக்கைத் தேடும்போது அடிவானத்தை நேராக உற்றுப் பார்க்கக் கூடாது. பார்வையைச் சற்று மேலே வைத்து மெதுவாக நகர்த்திக்கொண்டே போக வேண்டும். முதலில் ஓரத்தில் ஏதோ இருப்பதுபோல ஓர் உணர்வுதான் வரும். விளக்கின் நிறம் சிவப்பா பச்சையா என்பதை அறிய நேராகப் பார்த்தே ஆக வேண்டும், ஆனால் அது அங்கே இருக்கிறது என்பதை முதலில் சொல்வது ஓரக்கண்தான்.

வெளிச்சத்திலிருந்து வருபவர் உடனே காவற்பொறுப்பை ஏற்க முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். பொறுப்பேற்கும் அதிகாரியின் கண்கள் இருளுக்கு முழுமையாகப் பழகும்வரை அவர் பொறுப்பை ஏற்கக் கூடாதென்பது சர்வதேசக் கடல்விதியே. அதற்கு அரை மணி நேரம் வரை செல்லும். கடல்வரைபட மேசைமேல் மங்கிய சிவப்பு விளக்கைப் பயன்படுத்துவதும் இதற்காகத்தான். ஒருவர் தெரியாமல் கைத்தொலைபேசியை உயர்த்திப் பார்த்தாலே எங்கள் அரை மணி நேர உழைப்பு வீணாகிவிடும். அம்மா, நீங்கள் இருவரும் ஒரு மணி நேரத்துக்கு மேல் மேற்றளத்தில் இருந்தபடியால்தான் மகளுக்கு ஐந்தாறு மீன்கள் தெரிந்திருக்கின்றன. ஐந்து நிமிடத்தில் இறங்கியிருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திராது.

தொடர்மாடிவாசி (வெள்ளவத்தை)

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. உங்கள் பதில்களை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். புள்ளிப் பரிசோதனையை உடனேயே செய்து பார்த்தாள். புள்ளி மறைந்தது மட்டுமன்றி, அது இருந்த இடம் வெள்ளைத் தாளாகவே தெரிந்தது என்றும், ஓட்டை எதுவும் தெரியவில்லை என்றும் வியந்தாள். நேற்றிரவு மின்சாரம் இருந்தபோதும், மேற்றளத்தின் நீர்த்தொட்டி நிழலில் நின்று, கைத்தொலைபேசியை வீட்டிலேயே விட்டுவிட்டு, அரை மணி நேரம் காத்திருந்து மீண்டும் பார்த்தாள். நகர வெளிச்சத்தில் நேராகப் பார்க்கும்போது இரண்டு மீன்களும், சற்று மேலே பார்க்கும்போது நான்கும் தெரிந்தன.

அவளுக்கு ஒரு புதிய கேள்வி எழுந்திருக்கிறது. ஓரக்கண்ணில் தெரியும் மீன்களும் கண்ணை அசைக்காமல் பத்துப் பதினைந்து வினாடிகள் வைத்திருந்தால் மெல்ல மறைந்துவிடுகின்றனவாம். கண்ணை அசைத்தவுடன் மீண்டும் வருகின்றனவாம். கோல்கள் அங்கே இருக்கும்போது ஏன் மறைய வேண்டும் என்று கேட்கிறாள். என் கண்களைக் காட்டுவதற்கு நேரம் பதிந்துவிட்டேன் என்பதையும் பம்பலப்பிட்டி அன்பருக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.

சோக்குத்தூள் (கொட்டாஞ்சேனை)

மகளுக்கு என் பாராட்டைத் தெரிவியுங்கள். அவள் இப்போது கண்டது 1804இல் சுவிற்சர்லாந்து வைத்தியர் ற்றொக்ஸ்லர் எழுதிவைத்த நிகழ்வு. பார்வையை ஓரிடத்தில் நிலைநிறுத்தினால், ஓரத்திலுள்ள அசையாத மங்கிய பொருள்கள் சில வினாடிகளில் பார்வையிலிருந்து கரைந்துபோகும்.

இதன் காரணம் கண்ணைப் பற்றி நாம் பொதுவாகக் கொண்டிருக்கும் எண்ணத்தையே மாற்றிவிடுகிறது. கண்ணின் நரம்புக் கலங்கள் ஒளியின் இருப்பைவிட அதன் மாற்றத்துக்கே வலுவாகத் துலங்குகின்றன. ஒரே கலத்தின்மேல் ஒரே அளவு ஒளி தொடர்ந்து விழுந்தால் அதன் செய்தி தணிந்துவிடும். விழித்திரையின் குருதிக் கலன்கள் உணர்கலங்களுக்கு முன்னால், ஒளி வரும் பக்கத்தில், கிளைவிட்டுப் படர்ந்திருக்கின்றன. அவற்றின் நிழல் பிறந்த நாள் முதல் நம் உணர்கலங்கள்மேல் விழுந்துகொண்டே இருக்கிறது. அந்த நிழல் கண்ணோடு சேர்ந்தே நகர்வதால், எந்தக் கலத்துக்கும் அது மாறுவதில்லை. ஆகவே நாம் அதைக் காண்பதுமில்லை. நாம் ஒரு புள்ளியை அசையாமல் பார்ப்பதாக நினைக்கும்போதும் நம் கண்கள் மிக நுண்ணிய அசைவுகளைச் செய்தபடியே இருக்கின்றன. 1950களில், கண்ணோடு சேர்ந்தே நகரும்படி ஒரு விம்பத்தை விழித்திரையில் நிலையாக விழச் செய்து ஆராய்ந்தபோது, நேராகப் பார்த்த பொருள்கூடச் சில வினாடிகளில் மறைந்தது. நடுக்குழியில் ஒவ்வொரு கூம்பும் மிகச் சிறிய பரப்பைக் காண்பதால் அந்த நுண்ணசைவுகளே போதுமான மாற்றத்தைத் தருகின்றன. ஓரத்தில் நூற்றுக்கணக்கான கோல்கள் சேர்ந்து ஒரு பெரிய பரப்பைக் காண்பதால், அதே அசைவு அந்தப் பரப்புக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. மீன் நகர்ந்ததாக அந்த நாருக்குத் தெரிவதில்லை. கப்பல் அன்பர் பார்வையை மெதுவாக நகர்த்திக்கொண்டே போகச் சொன்னதும் இதனால்தான் பயன் தருகிறது.

கோல்களின் ஆற்றல் எந்த அளவுக்கு நுட்பமானது என்பதற்கு ஒன்றைச் சொல்கிறேன். 1942இல் ஹெக்ற் என்பவரும் அவருடைய இரு சகாக்களும் நியூயோர்க்கில் ஒரு பரிசோதனையின் முடிவுகளை வெளியிட்டனர். பங்கேற்றவர்களை நெடுநேரம் இருளில் இருத்தி, நடுவிலிருந்து 20 பாகை விலகிய இடத்தில் மிக மெல்லிய ஒளிக்கீற்றைக் காட்டினார்கள். 5 முதல் 14 வரையான ஒளித்துணிக்கைகள் கோல்களால் உறிஞ்சப்பட்டாலே ஒளி தெரிந்தது என்று கணித்தார்கள். அவை நூற்றுக்கணக்கான கோல்கள் உள்ள பரப்பில் சிதறி விழுவதால், ஒரு கோலுக்கு ஒரே ஒளித்துணிக்கை போதும் என்பதும் அதிலிருந்து தெளிவாயிற்று.

மகளுக்கு ஒரு வேலையும் தருகிறேன். திருமணத்தில் அருந்ததி பார்ப்பதாகச் சொல்கிறோமே, அந்த அருந்ததியும் அருகிலுள்ள வசிட்டரும் ஏறத்தாழ 12 கலை இடைவெளியில் இருக்கிறார்கள்; பாகையின் அறுபதில் ஒரு பங்கே ஒரு கலை. 6/6 உள்ள கண் ஒரு கலை இடைவெளியையே பிரித்தறியும். ஆகவே இருவரையும் பிரித்துக் காண்பதில் கூர்மைக்கு அதிக வேலை இல்லை. அருந்ததி மங்கலான மீன் என்பதே இடர். கார்த்திகையைப் போல இங்கும் நேர்ப்பார்வைக்கும் ஓரப்பார்வைக்கும் வேறுபாடு தெரிகிறதா, வசிட்டரின் ஒளி அருகில் இருப்பது அதைக் கடினமாக்குகிறதா என்று அவள் குறித்து வைக்கட்டும். சித்திரை மாதத்தில் இரவு ஒன்பது மணிக்குப் பின் வடகிழக்கு வானில் பார்க்கலாம். தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் கொழும்பில் வானம் கிடைப்பது அரிது. ஆகவே தள்ளிப்போட வேண்டாம். வெள்ளவத்தையிலிருந்து அந்தத் திசையில் நகரின் வெளிச்சம் அதிகம் என்பதால், நீர்த்தொட்டியின் நிழலையே மீண்டும் பயன்படுத்தச் சொல்லுங்கள்.